புல்லுருவி

கொல்லைப் புல்வெளியில்
இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டால்
மிச்சம் ஒரு நாற்காலிக்குத்தான் இடம்.
ஆனாலும் டண்டீயில் மே மாதக் கடைசியில்
இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது,
பத்து மணிக்கும் வளர்கிறது புல்.

இஷ்பெலுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை.
விடிந்து வந்து விழுந்தால்
சுவருக்கு அப்பால் ஸ்ட்ரூவன் பெட்ரியின் இயந்திரம்
தொண்டையைச் செருமும்.
மழை விடுகிற ஒரே மதியம் பார்த்து
அவளும் தன்னுடையதை இழுத்தாக வேண்டும்.
கிரெகர் விட்டுப்போனது அது.
புருஷன் போனான். புல் நின்றது.

ஒருநாள், ரொட்டி சுற்றும் காகிதத்தின் பின்புறத்தில்
கணக்குப் போட்டாள்.
ஆண்டுக்கு இருபத்தெட்டு தடவை.
தடவைக்கு முக்கால் மணி,
வயரின் சிக்கெடுக்கத் தனியாகக் கால் மணி.
ஒரு முழுநாளும் மேலே நாலு மணியும்
என்று எழுதி அடிக்கோடிட்டாள்.
இவ்வளவு தடவை முடி வெட்டிவிட்ட எதுவும்
இவ்வளவு நன்றிகெட்டு வளர்ந்ததில்லை.

முதலில் கத்தியை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தாள்.
உர மூட்டையைச் சுவருக்கு மேல் தூக்கி
ஸ்ட்ரூவனிடம் கொடுத்துவிட்டாள்.
குளோவர் விதை தூவினாள்;
பாதி புறாவுக்குப் போயிற்று.

"பட்டினி போடு" என்றாள்
அடுப்பில் கூட நிற்கும் யத்விகா.
ஈஸ்ட் பொட்டலத்தின் உறையில்
ஒரு கைப்பிடி தட்டை விதை கொண்டுவந்தாள்.
நவம்பரில் புல்லை ஒட்ட வெட்டி
மண் தெரியுமட்டும் வாரியால் கீறித் தூவு.
மூடாதே. உறைபனி படட்டும்.
குளிர் தின்றால்தான் அதற்கு விழிப்பு.

அந்தச் செடிக்குத் தமிழில் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை.
காய் காய்ந்தால் உள்ளே விதை கிலுங்கும்,
பூ மஞ்சள்,
மஞ்சள் கிலுக்கு என்று வைத்துக்கொள்வோம்.
மண்ணுக்கடியில் புல்லின் வேரைக் கவ்விக்
குடிக்கும். வேறு வேலையில்லை.
மாமரத்தில் தொற்றுவதைப் போய்ப்
புல்லுருவி என்கிறோமே,
புல்லையே உறிஞ்சுகிற இதுவல்லவா
அந்தப் பெயரைப் பிறப்பிலேயே சம்பாதித்தது.

ஏப்ரலில் பல்பல்லாய் விளிம்பு வைத்த சின்ன இலைகள்.
மே மாதம் புல் கணுக்கால்வரை வந்து
யோசித்து
நின்றுவிட்டது.
ஜூன் முதல் வாரத்தில் மஞ்சள்,
இடையிடையே தப்பிய குளோவர்,
பின்புறம் சிவந்த ஒரு வண்டுத்தேனீ
ஒவ்வொரு பூவிலும் தலையை விட்டு
கடன்காரன் மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தது.
இஷ்பெல் ஆறு சனிக்கிழமை தூங்கினாள்.

ஸ்ட்ரூவன் சுவரில் முழங்கை ஊன்றிப் பார்த்தான்.
இயந்திரம் பழுதா என்று கேட்டான்.
இல்லை என்றாள்.
முதுகு வலியா என்றான்.
இல்லை.
தனியாயிருக்கிறவள், சொல்லத் தயங்குகிறாள் என்று
அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான்.

அவள் விழித்தபோது
அறை முழுக்கப் பச்சை வாசனை.
ஜன்னலுக்கு வெளியே
கோட்டுத் துணி மாதிரி வரிவரியாய்க் கொல்லை.
ஸ்ட்ரூவன் நெற்றியைத் துடைத்தபடி நின்றான்,
காலணியெல்லாம் மஞ்சள்.
"ஓரங்கூடச் சீவிவிட்டேன்" என்றான்.

ஓராண்டுச் செடி அது.
விதை கொட்டுமுன் தலை போனால்
வம்சம் போயிற்று.
இதையெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது?
தேநீர் போட்டுக் கொடுத்தாள்.
அவன் இரண்டு கரண்டி சர்க்கரை கேட்டான்.

குப்பைத் தொட்டிக்குப் பின்னால்,
சக்கரம் புக முடியாத இடுக்கில்
ஏழு செடி இருந்ததை
செவ்வாய்க்கிழமை குப்பை போடப் போனபோதுதான் பார்த்தாள்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் அவற்றை ஈஸ்ட் உறைக்குள் தலைகீழாய்க் கவிழ்த்துத்
தட்டினாள். காதருகே வைத்து ஆட்டினாள்.
தொட்டில் பிள்ளைக்கு ஆட்டுகிற சத்தம்;
தூங்க வேண்டியவள் அவள்தான்.

நவம்பருக்கு இன்னும் நாளிருந்தது.
மறுநாள் கடைக்குப் போய்க்
கொல்லைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள்,
ஸ்ட்ரூவனிடம்
துளைபோடும் கருவி இரவல் கேட்டாள்.
அவனே வந்து மாட்டிக் கொடுத்தான்.