வருமொழி வரவில்லை

லீபாயா துறைமுகம், அதிகாலை நாலு.
மரலாரி எடைபோடும் கணினியில்
இன்னமும் சோலாரிஸ்.
விஸ்மா மறுபடி 'மேக்' அடித்தாள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பிழைகள்.
முதலாவதுதான் பிழை;
மற்றதெல்லாம் அதன் சொந்தபந்தம்.

உலகமே லினக்ஸ் என்று எண்ணி
எவனோ எழுதியது,
இங்கே இல்லாத கோப்பைக்
கேட்டு அடம்பிடித்தது.
அந்த இரண்டு வரிக்கும் வாய்ப்பூட்டு.
தொகுப்பி வழிவிட்டது.

இணைப்பி நின்றது:
நிலைமொழி காத்திருக்க
வருமொழி வரவில்லை.

ஆறாவது காபியில் கண்டாள்:
சாக்கெட் நூலகம்
வரிசையில் முந்திக்கொண்டு நிற்கிறது.
கடைசிக்குத் தள்ளினாள்.
சேர்ந்துகொண்டன,
ஒற்றுகூட மிகாமல்.

நிரல் எழுந்து
முதல் எடை சொன்னது:
காலி மேடைக்கு
முன்னூற்று நாற்பது கிலோ.

எங்கே பிழை என்று
திரையையே முறைத்தவள்
சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
பனிக்குள் இறங்கினாள்.