கழித்தல்

ஃபஹாஹீல், இரவு பன்னிரண்டரை.
என் மாதிரித் தேர்வு ரேங்க்கிலிருந்து
போன வருடம் உள்ளே போன கடைசி ரேங்க்கைக் கழிக்கிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்
எனக்கும் கதவுக்கும் நடுவில்.

வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று
சில இடங்கள் உண்டாம்.
அதற்கு அப்பாவின் வேலை
ஜூலை வரை நிற்க வேண்டும்.
வேதியியலை நான் படித்துவிடுவேன்.
அவர் ஒப்பந்தத்தை?

எவ்வளவு தேறும் என்றாள் ஷர்மிளி.
நாற்பது என்றேன்.
அம்மாவிடம் எழுபது.
எனக்கென்று வைத்திருந்த எண்ணை
நோட்டின் ஓரத்தில் எழுதி
அழித்தேன்; பள்ளம் போகவில்லை.

சுத்திகரிப்பு ஆலையின் தீ ஜன்னலில் ஆட,
ஷிஃப்ட் முடிந்து வந்தவர்
ஷூவைக்கூடக் கழற்றாமல்
"இந்தா, நீ கேட்ட சான்றிதழ்" என்று நீட்டினார்.
சம்பளம் எழுதிய வரியின் மேல்
அவர் கட்டைவிரல்.