இடப்பக்கம் ஒரு பை

ரவிக்கைக்கு அளவெடுக்கையில்
பவளக்கொடி அக்காவின் நாடா
என் இடுப்பில் எதையோ தொட்டு நின்றது.
"கைப்பேசியா? எடுத்து வை."
எடுக்கக் கூடாது என்றேன்.
அதற்குள் இரண்டு முறை அதிர்ந்தது அது,
பைக்குள் அகப்பட்ட வண்டு மாதிரி.

பிரிக்பீல்ட்ஸ், படியேறி இரண்டாவது கதவு.
கீழே பூக்கடை, ஜன்னலுக்கு வெளியே மோனோரயில்,
நடுவில் நான் இரு கையும் தூக்கியபடி
கணையத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.
உள்ளே இருந்தது வேலையை விட்டுவிட்டது அக்கா,
எனக்குப் பதினோரு வயதில்,
ஒரு மாத நோட்டீசு கூடக் கொடுக்காமல்.
இது மாற்றாள். வெளியே தங்கி வேலை பார்க்கிறது.
சம்பளம்தான் அதிகம்.

அக்கா குழாயைப் பார்த்தாள்.
தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி
ஒட்டியிருந்த வில்லையைப் பார்த்தாள்.
"கழுத்தில ஏறாத கயிறு
இடுப்பில ஏறிடுச்சு பாரு"
என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
நான்தான் முதலில் சிரித்தேன்.
முப்பத்தாறு வயதுக்கு
இவ்வளவு பொருத்தமாய் எனக்கு
யாரும் பொருத்தம் பார்த்ததில்லை.

கூடவே படுக்கும், கூடவே எழும்.
குளிக்கும்போது மட்டும்
சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கழற்றி வைப்பேன்.
அந்தப் பத்து நிமிடம் உடம்பு லேசாக இருக்கும்.
பிறகு ஈரக் கையோடு நானே தேடுவேன்.
கதவுக் கைப்பிடிகளுக்கு என்மேல் என்ன ஆசையோ,
குழாயைப் பிடித்து இழுக்காத வாரமில்லை.
மூன்று நாளுக்கு ஒருமுறை புது ஊசி, புது இடம்,
பேனா மூடியால் தட்டித் தட்டிக்
காற்றுக்குமிழியை வெளியே அனுப்ப வேண்டும்.
அலகு குத்துகிறவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள்,
மேளம் உண்டு, சுற்றி நின்று வேல்வேல் என்பார்கள்.
எனக்குக் குளியலறை விளக்கும்
ஆறரை மணி வானொலியில் போக்குவரத்து நெரிசலும்.

ரெண்டு தோசைக்கு எவ்வளவு,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
ரொட்டி சானாயும் பழகிவிட்டது.
மாமாக் கடையில் தே ஓ கோசோங் என்பது
என் பெயருக்குப் பின்னால் வரும் பட்டம்.
ஆனால் சொந்தக்காரர் கல்யாணத்தில்
பாயசத்தை ஊற்றிவிட்டு நகராமல் நிற்கிற அத்தைக்கு
எத்தனை யூனிட் போடுவது?
தோராயமாகப் போடுகிறேன்.
தோராயமாக உயிரோடு இருக்கிறேன்.

போன மாதம் ராத்திரி மூன்று மணிக்கு அலறியது.
மூன்று புள்ளி ஒன்று.
செந்தூல் முழுக்கத் தூக்கம்.
சட்டையெல்லாம் வேர்த்து
குளிர்பெட்டி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து
பாக்கெட் ரிபேனாவை உறிஞ்சினேன்.
பகலெல்லாம் வாசலோடு விரட்டிய இனிப்பை
அந்நேரம் கெஞ்சிக் கூப்பிட வேண்டும்.
பாவம், கோபித்துக்கொள்ளாமல் வரும்,
கால்மணி நேரம் தாமதமாக.

இதெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை.
ஹேமவர்ஷினி கல்யாணத்துக்கு ரவிக்கை,
அதில் இடப்பக்கம் அக்குளுக்குக் கீழே ஒரு பை,
சீட்டுக்கட்டு ஒன்று நுழைகிற அளவு,
குழாய் போக ஒரு காஜா.
"பட்டன் எங்கே வைக்க?"
பட்டன் வேண்டாம் அக்கா, ஓட்டை போதும்.
முப்பது வருடத் தையலில் முதல்முறையாக
பட்டனுக்கு இல்லாத காஜாவை அவள் எடுத்தாள்.
பைக்குக் காசு வேண்டாம் என்றாள்.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
கத்தரிக்கோலுக்கு அடியில்
ஐந்து வெள்ளி வைத்துவிட்டு இறங்கினேன்.

மண்டபத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.
கெட்டிமேளத்துக்கு நடுவே
அட்சதை போடக் கை ஓங்கியபோது
விலாவில் அது அதிர்ந்தது.
அடுத்து நின்ற தம்பி மனைவி
என் நடுக்கத்தை ஆனந்தம் என்று நினைத்து
கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று வேலை நேரத்தில் அக்கா அழைத்தாள்.
"கெப்போங்கிலேர்ந்து ஒரு பிள்ளை வந்திருக்கு,
பள்ளிக்கூடச் சட்டைக்கு.
உன்னோடது மாதிரியே பெட்டி.
வாயைத் திறக்க மாட்டேங்குது.
பை எந்தப் பக்கம் வைக்கிறது?"
பின்னால் தையல் மிஷின் ஓடியது.

எந்தக் கையால எழுதுவான்னு கேளுங்க.

மிஷின் நின்றது.
கொஞ்ச நேரம் மோனோரயில் சத்தம் மட்டும்.
பிறகு, தூரத்தில்,
"ரெண்டு கையாலயும்."