காரீயம்

கெப்போங் பக்கத்து ஈயக்குட்டையில் பிடித்த திலாப்பியாவை
நாகரெத்தினம் முதலில் வாட்சாப்பில் அனுப்பினார்,
பிறகு பனிக்கட்டி போட்ட பையில்.
"பாத்துச் சொல்லு தங்கச்சி,
ஒங்க லேப்புல மெஷின் இருக்காமே."

மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில் அறுத்தேன்.
சதை வெள்ளை. ஒரு குற்றமும் சொல்ல முடியாது.
ஈரல்தான் கணக்கு எழுதி வைத்திருந்தது:
காட்மியம், ஆர்செனிக், ஈயம்.

எந்த ஈயம்?
வெள்ளீயம் எப்போதோ கப்பலேறிப் போய்விட்டது.
லம்பத்துக் குழியில் மழை தேங்கி
ஏரி என்று பெயர் வாங்கியது;
கொண்டோ விளம்பரத்தில் அதுவே
நாலு லட்சம் வெள்ளிக்கு ஒரு ஜன்னல்.
காரீயம் மட்டும் எங்கும் போகவில்லை,
சேறு மேயும் வாய்களுக்குக் காத்திருந்தது.

ஈயம் பூசினாற்போலவும்
பூசாதது போலவும்
அறிக்கை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.
ஞாயிற்றுக்கிழமை குட்டையோரம் போய்
வாயால் சொன்னேன்:
"ஈரல் வேணாம்ணே. தலையும் வேணாம்.
சதையும் எப்பவாவதுதான்."

"தலைய மவதான் உறிஞ்சுவா" என்றார்,
தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைக் கோத்து
பல்லால் கடித்து
இறுக்கிக்கொண்டே.