விரிசல் நின்ற இடம்

நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள்.
சால்த்தோ நகர நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில்,
யாரும் ஆடாத பில்லியர்ட்ஸ் மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து
ஒரு ஜன்னலை மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

செனட்டர் அன்செல்மோ பெருத்தி
இந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.
ஆகஸ்ட் மாதம். ஆற்றிலிருந்து ஈரக்காற்று.
சர்க்கரையைக் கலக்கி முடிக்கவில்லை.

பத்தொன்பது வருடத்தில்
இந்த ஊரார் சந்தேகிக்காத ஆள் குறைவு.
உள்ளிருந்து சுட்டவன் மெய்க்காவலன் வால்டெமார்தான் என்று
கன்னத்தில் கத்தி வைத்தபடி சொல்கிறார் முடிதிருத்துபவர்.
அக்கரைக்காரன் வேலை என்கிறாள் ஆரஞ்சு விற்பவள்.
என் சொந்த அண்ணன்,
ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டும் கரியைக் கிளறிக்கொண்டே,
"மூன்று வெடி, நெலிதா.
எனக்கு எண்ணத் தெரியாதா?"

கண்ணாடிக்கும் எண்ணத் தெரியும்.
இரண்டு துளைகள்.
விளிம்பைத் தடவிப் பார்த்தால்
வெளிப்பக்கம் ஊசிவாய், உட்பக்கம் புனல்வாய்.
தோட்டா நுழைந்த இடத்தில் ஒடுங்கி
வெளியேறிய இடத்தில் அகன்றிருக்கிறது.
தெருவிலிருந்து வந்திருக்கிறது, இரண்டும்.
காவலன் உள்ளே நின்றான்.
பாவம், வேலை போய், மனைவி போய்
இப்போது மோன்தேவிதேயோவில் லிப்ட் இயக்குகிறான்.

எது முதல் குண்டு?
அதையும் சொல்கிறது.
பிந்திய விரிசல்
முந்திய விரிசலைத் தாண்டுவதில்லை.
ஓடி வந்து, அதைத் தொட்டவுடன்
அப்படியே நின்றுவிடும்,
பிறர் வீட்டு வேலியில் நிற்பதுபோல.
அவ்வளவு ஒழுக்கம் மனிதருக்கு இல்லை.

மூன்றாவது வெடி
பதினோரு கோப்பைகள்.
பரிமாறும் பையன் தட்டைத் தவறவிட்டிருக்கிறான்.
சம்பளத்தில் பிடிப்பார்களே என்று
நீதிபதியிடமும் மறைத்து,
போன மாதம்தான் ஒப்புக்கொண்டான்,
நரைத்த பிறகு.

மிஞ்சுவது எலியோ தெச்சேரா.
சைக்கிள் பழுதுபார்ப்பவன், இருபத்திரண்டு வயது,
பஞ்சர் ஒட்டும் பசை நகக்கண்ணில்.
துப்பாக்கி அவனுடையது. குண்டில் இருந்த கீறல் அதனுடையது.
மூன்றாம் நாள் ஆற்றில் மிதந்தான்.
ஏன் சுட்டாய் என்று கேட்க ஆள் இல்லை.
அந்தக் கேள்விக்குக் கண்ணாடி
வாய் திறக்காது.

குண்டை எடை போட்டிருக்கிறேன்: ஒன்பது கிராம்.
மறுதட்டில் ஒரு மனிதர், ஒரு கட்சி,
வராமல் போன ஒரு தேர்தல்.
முள் எப்படி நடுவில் நிற்கும்?
அதனால்தான் சைக்கிள்காரன் பக்கம்
ஒரு தளபதியை வைக்கிறார்கள்,
ஒரு தூதரகத்தை, ஒரு வங்கியை வைக்கிறார்கள்.
துக்கத்துக்குப் படிக்கல் தேடுகிறார்கள்.
நான் சிரிப்பதில்லை.

ஆனால் ஒரு துண்டு இல்லை.
உள்ளங்கை அளவு, இடது மேல்மூலையில்.
அந்த இடைவெளியில்தான்
ஊரே குடியேறியிருக்கிறது.

வியாழக்கிழமை ஒதிலியா அம்மையார் வந்தார்.
கைக்குட்டையை அவிழ்த்தார்.
மருத்துவமனையில் அவர் கோட்டுமடிப்பில் கிடந்ததாம்;
கணவரைத் தொட்ட கடைசிப் பொருள் என்று
கொடுக்க மனம் வரவில்லையாம்.

வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.
மூன்றாவது துளை இல்லை.
ஓடி வந்த ஒரு விரிசல்
அதன் நடுவில்
நின்றிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார்.
"இவ்வளவுதான்."
"இதைவிடப் பெரியது ஏதோ
அவரைக் கொன்றிருக்கும் என்று நினைத்தேன்."

தீர விசாரித்தாயிற்று.
தீரவில்லை.

நாளை அறிக்கை வெளியாகும்.
முடிதிருத்துபவர் கத்தியைத் தோலில் தீட்டியபடி
கேட்கப்போவது இப்போதே காதில் விழுகிறது:
சரி, அந்தத் துண்டை
பத்தொன்பது வருடம்
ஒளித்து வைத்தது யார்?