நான்கு முழங்கால்கள்

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மார்ச்சில்.
விவாகரத்து ஆகஸ்டில்.
எனவே ஹார்லோ ஃபோர்க் மெதடிஸ்ட் தேவாலயத்து அறிவிப்புப் பலகையில்
அக்டோபர் வரை நாங்கள் கணவன் மனைவி:
டல்சிமர் பட்டறை, டெஸா – கார்வின் தம்பதியர்,
கீழ்த்தளம், மழை பெய்தாலும் உண்டு.

மழை பெய்தது.

வேன் அவனுக்குப் போயிற்று.
அட்டையில் செய்த டல்சிமர்கள் பதினான்கும் எனக்கு.
இவை என்ன, இவற்றுக்கு என்ன விலை என்று
நீதிபதிக்குப் புரியவைக்கக்
கால் மணி நேரம் பிடித்தது.
கடைசியில் ஒன்றை மடியில் வைத்துக் காட்டினேன்.

பதினொரு பேர் வந்திருந்தார்கள்.
இரவுப் பணி முடித்து நேரே வந்த நர்ஸ் வெர்னா
சுருதி சேர்க்கும்போதே தூங்கிவிட்டாள்.
எழுப்பவில்லை.
நிலக்கரி லாரி ஓட்டிய லாயல் ஸ்டிட்ஹாம்
இடக்கையை நீட்டினார்: மூன்று விரல்கள்.
"இது போதுமா?"
குச்சியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றேன்.
ஒரு கம்பி பேசும்.
மற்ற இரண்டும் ஆமாம் போடும்.
அவ்வளவுதான் டல்சிமர்.
மெட்டுகளுக்கு நடுவே சில மெட்டுகளை
செய்தவனே வைக்காமல் விட்டிருக்கிறான்,
எனவே தப்பு செய்யக்கூட அதிகம் இடமில்லை.

சுத்திக் குச்சிகளோடு தன் பெரிய டல்சிமரை
அறையின் மறுகோடியில் திருகிக்கொண்டிருந்த கார்வின்
தலை தூக்காமல் சொன்னான்:
"இவள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள்."
எல்லாரும் சிரித்தார்கள்.
பழைய நகைச்சுவை. மேடையில் சொல்வது.

அவரைச் சூப்பும் சோள ரொட்டியும் ஆனபின்
இமோஜீன் ஒரு போர்வையைப் பிரித்தாள்.
ஒரே பெட்டி. இரு பக்கமும் கம்பிகள்.
பெண் கேட்டு வந்த பையனும் பெண்ணும்
எதிரெதிரே உட்கார்ந்து வாசிப்பதற்கு.
பக்கத்து அறையில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்.
இரண்டு பக்கமும் சத்தம் கேட்கும்வரை
நான்கு கைகளும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன.
உண்மையோ புளுகோ, எனக்குத் தெரியாது.
பத்தொன்பது வருடமாக நானே சொல்லிவரும் கதை.

"நீங்க ரெண்டு பேரும் வாசிச்சுக் காட்டுங்க."

மடக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள்.
நான்கு முழங்கால்கள்மேல் ஒரு பெட்டி.
நான் பார்த்திராத கால்சட்டை அணிந்திருந்தான்,
கோடு கோடாக, பழுப்பு நிறம்.
யார் வாங்கியது என்று கேட்கவில்லை.
என் பக்கம் முறுக்கினால்
அவன் பக்கம் இறங்கியது.
அவன் ஏற்றினால் நான் இறங்கினேன்.
பெட்டி புதியது, இன்னும் இறுகவில்லை என்றான்.
ஆமாம் என்றேன்.

ஒரு வால்ட்ஸ்.
எப்போதும் முந்துபவன்
அன்று பிந்தினான்.
அவனுக்காக நானும் பிந்த,
எனக்காக அவன் இன்னும் பிந்த,
ஆடுகிறவர்கள் இருந்திருந்தால் காலைத் தூக்கியபடியே நின்றிருப்பார்கள்.

மூன்றாம் சுற்றில் அவன் பக்கம் நின்றது.
என் கம்பிகள் மட்டும்
வழி தெரிந்த மாடு போலப்
போய்க்கொண்டே இருந்தன.

"ஒரு பக்கம் சத்தத்தைக் காணோமே!"
பின்வரிசையிலிருந்து லாயல் கத்தினார்.
"தம்பி, கை எங்கே?"

கீழ்த்தளமே குலுங்கியது.
வெர்னா விழித்துக்கொண்டு யாருக்கு என்ன ஆச்சு என்றாள்.
போலீஸைக் கண்டவன்போல
கார்வின் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான்.
வலது கட்டைவிரலில் பிளாஸ்டர்.
நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை.
அதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

மாலையில் இமோஜீன் காசோலையை நீட்டினாள்.
இரண்டு பெயர், நடுவே ஒரு "மற்றும்".
இரண்டு கையெழுத்தும் இல்லாமல் வங்கி தொடாது.
கார் டிக்கியின் மூடிக்கடியில் மழைக்கு ஒதுங்கி
ஓர் அட்டை டல்சிமரின் முதுகில் வைத்து எழுதினோம்.
அவன் பேனாவை அழுத்தும்போதெல்லாம்
அடியில் கம்பிகள் முனகின.

அடுத்த மார்ச்சுக்கும் கேட்கிறாள், என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டை நனைந்தால் சுருதி நிற்காது என்று
டிக்கியை அவனே மூடினான்.
எப்போதும்போல
இரண்டாம் தடவைதான் மூடியது.