இரண்டாவது துண்டு

ரெண்டு மாதம் முன்பு ஞானசவுந்தரிக்குச் சொன்னேன்:
இரு மார்பிலும் வலித்து, தீட்டு வந்ததும் விடுகிற வலிக்குப்
பயப்பட வேண்டாம்.
அளவான உள்பாடி, பனடோல்,
வலிக்கும் நாளில் கலண்டரில் ஒரு புள்ளி.

இன்று அப்புத்தளை மூடுபனியோடு வந்தாள்,
கொழுந்துச் சாக்கை வாசலில் வைத்துவிட்டு.
புள்ளிகள் தீட்டைக் கேட்கவில்லை.
எல்லா நாளும். இடது பக்கம் மட்டும்.
"சாக்குப் பட்டி இழுத்ததாத்தான் இருக்கும்" என்றாள்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

விரலுக்கடியில் தேயிலைக் கொட்டை.
தள்ளினேன்.
நகரவில்லை.

"பதுளைக்குப் போகணும். இந்தக் கிழமையே."
"பெரட்டுக்குப் போகாட்டி பேர் போட மாட்டாங்களே, டொக்டரம்மா."

கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதி மடித்தேன்.
பேனாவை மூடவில்லை.
துரைக்கு இன்னொன்று.